1/16 டைகர் டாங்கி: பெட்டியைப் பிரிப்பதிலிருந்து முதல் ஓட்டம் வரை

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி ஓட்டிய நிஜமான டைகர் 1 டாங்கியின் எடை 57 டன். நம் மேசையில் நிற்கும் ரிமோட் மாடல் நான்கு கிலோ தேறினால் பெரிது. ஆனாலும் அது தரையில் ஊர்ந்து போகும்போது பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த 57 டன் தெரிய வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிற எல்லா வேலையும், கியருக்கு கிரீஸ் வைப்பதிலிருந்து புழுதி பூசுவது வரை, அந்த ஒன்றுக்காகத்தான். மாடல் அழகாக இருந்தும் பொம்மை கார் மாதிரி விருட்டென்று பாய்ந்தால், செய்த வேலையெல்லாம் ஒரு நொடியில் வீணாகிவிடும்.

எதை வாங்குவது

முதல் டாங்கிக்கு 1/16 அளவுதான், அதாவது நிஜத்தில் பதினாறில் ஒரு பங்குதான், என் சிபாரிசு. பீரங்கிக் குழலோடு சேர்த்து நிஜ டைகரின் நீளம் 8.45 மீட்டர். 1/16 அளவில் அது 53 செ.மீ. ஆகிறது. உள்ளே இரண்டு கியர்பாக்ஸ், பேட்டரி, ஸ்பீக்கர், சர்க்யூட் போர்டு எல்லாம் வைத்த பிறகும் கை விட்டு வேலை பார்க்க இடம் இருக்கும். இதைவிடச் சிறிய அளவுகளில் ஒயர் மாற்றுவதே பெரும்பாடு.

வாங்க இரண்டு வழி உண்டு. ஜப்பானிய நிறுவனமான டாமியாவின் கிட் துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு திருகையும் நாமே போட வேண்டும். தரம் மிக நன்று, விலையும் அதற்கேற்ப அதிகம். சீன நிறுவனமான ஹெங் லாங்கின் தயாரிப்பு முழுதாகப் பூட்டியே வரும். அன்றைக்கே ஓட்டலாம், பிறகு பிரித்து மேம்படுத்தலாம். புதிதாக வருபவர்களை நான் இரண்டாவது வழிக்கே அனுப்புவேன். ஓடுகிற ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் எந்தப் பாகம் என்ன செய்கிறது என்பது கைக்கே புரிந்துவிடும்.

வாங்கும்போது பாகங்கள் பிளாஸ்டிக்கா உலோகமா என்று பாருங்கள். ஒரே மாடல் பல நிலைகளில் விற்கிறது: முழுக்க பிளாஸ்டிக், உலோக கியர் மட்டும், கியரோடு டிராக்கும் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) உலோகம் என்று. உலோக கியரும் பிளாஸ்டிக் டிராக்கும் உள்ள நடுநிலை போதும். இதற்கு நேர்மாறாக, பிளாஸ்டிக் கியரோடு உலோக டிராக்கைப் போட்டுவிடாதீர்கள். அந்த எடையை இழுத்து இழுத்து கியர் பற்கள் தேய்ந்து மழுங்கிவிடும். உலோக டிராக் போடுவதானால் கியர்பாக்ஸ், முன்னால் இருக்கும் பல்சக்கரம், பின்னால் டிராக்கை இழுத்துப் பிடிக்கும் ஐட்லர் சக்கரம் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அப்புறம், 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு சுடும் வசதியோடு சில மாடல்கள் வரும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது வேண்டாம், கண்ணில் பட்டால் விபரீதம். அகச்சிவப்புக் கதிர் வைத்து ஒன்றையொன்று 'சுடும்' வகையை வாங்குங்கள்.

எந்த டைகர்?

வேலையில் கை வைக்கும் முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: நீங்கள் செய்யப்போவது எந்த டைகர்? 1942 ஆகஸ்டிலிருந்து 1944 ஆகஸ்ட் வரை ஜெர்மனியின் காசெல் நகரில் ஹென்ஷெல் ஆலை சுமார் 1,350 டைகர்களைத் தயாரித்தது. அந்த இரண்டு வருடத்தில் அதன் உருவம் மாறிக்கொண்டே வந்தது. ஆரம்பகால வண்டிகளில் கமாண்டர் தலை நீட்டும் கூண்டு உருளை டப்பா போல இருக்கும். 1943 நடுவில் அது தட்டையான வடிவத்துக்கு மாறியது. உடலின் பின்பக்கத்தில் ஃபைஃபெல் என்ற இரட்டை உருளை ஏர் ஃபில்டர்கள் இருந்தால் அதுவும் ஆரம்பகால வண்டிதான். காந்தக் கண்ணிவெடி ஒட்டாதிருக்க வரிவரியாகப் பூசிய சிம்மெரிட் பூச்சு 1943-இன் பிற்பகுதியில் வந்தது. ரப்பர் விளிம்புச் சக்கரங்களுக்குப் பதில் எஃகு விளிம்புச் சக்கரங்கள் 1944-இன் தொடக்கத்தில் வந்தன. இது தெரியாமல் உருளைக் கூண்டையும் எஃகுச் சக்கரத்தையும் ஒரே வண்டியில் போட்டால், விஷயம் தெரிந்தவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

முதல் தடவைக்கு டைகர் 131-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1943 பிப்ரவரியில் கட்டப்பட்டு, அதே வருடம் ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கிய வண்டி அது. இன்றைக்கு இங்கிலாந்தில் பொவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் இருக்கிறது. எல்லாக் கோணத்திலும் புகைப்படம் கிடைக்கும். சிம்மெரிட் பூச வேண்டிய வேலையும் இல்லை. ஆரம்பகால உருவம் என்பதால் பெட்டியில் வரும் பாகங்களில் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்.

முதலில் ஓட்டிப் பாருங்கள்

திருகைத் தொடும் முன் பெட்டியிலிருந்து எடுத்தபடியே பத்து நிமிடம் ஓட்டுங்கள். முதலில் ரிமோட்டை ஆன் செய்து, பிறகு டாங்கியை ஆன் செய்யுங்கள். அணைக்கும்போது முதலில் டாங்கி, பிறகு ரிமோட். முன்னால், பின்னால், இடம், வலம், டரெட் (பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி) சுழற்சி, குழல் ஏற்ற இறக்கம், சத்தம், புகை என ஒவ்வொன்றையும் பார்த்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிரித்துப் பூட்டிய பிறகு ஏதாவது வேலை செய்யாமல் போனால், கோளாறு முதலிலேயே இருந்ததா, நாம் செய்ததா என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.

புகைக்கான எண்ணெய் தீர்ந்த பிறகும் அந்த ஸ்விட்சைப் போட்டே வைத்திருக்க வேண்டாம். உள்ளே இருக்கும் சூடாகும் கம்பிச்சுருள் கருகிவிடும்.

பிரிப்பது

மேல் உடலையும் கீழ் உடலையும் பிணைப்பது அடியில் இருக்கும் சில திருகுகள்தான். கழற்றியதும் மேல்பகுதியை வெடுக்கென்று தூக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் நான்கு விரல் உயரம் தூக்கி, இடுக்கில் டார்ச் அடித்து, எந்த ஒயர் எங்கே போகிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் முதல் டாங்கியில் அந்தப் பொறுமை எனக்கு இல்லை. டரெட்டுக்குப் போகும் மெல்லிய ஒயர் ஒன்று போர்டின் முனையிலிருந்தே பிய்ந்து வந்துவிட்டது. அதைத் திரும்ப சால்டர் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று.

ஒயர் முனைகளில் சிறு மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டி எண் எழுதுங்கள். திருகுகளை அந்தந்தப் பாகத்தின் பெயர் எழுதிய சின்ன டப்பாக்களில் போடுங்கள். டைகரின் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிப் போட்டவை: பக்கத்துக்கு எட்டு அச்சு, உள்ளடுக்கு, நடு அடுக்கு, வெளியடுக்கு என்று. உள்ளடுக்கை மறந்துவிட்டு வெளியடுக்கை மாட்டினால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியதுதான். சக்கரங்களுக்கும் எண் போட்டுவிடுங்கள்.

கீழ்ப்பகுதிதான் உயிர்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேரே பெயின்டுக்குப் போய்விடுகிறார்கள். பெயின்டைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். கீழ்ப்பகுதி சரியில்லாத டாங்கியை மட்டும் எந்த பெயின்டும் காப்பாற்றாது. அதனால் உங்கள் நேரத்தில் பாதியை இங்கே செலவழியுங்கள்.

கியர்பாக்ஸைத் திறந்தால் ஆலையில் வைத்த கிரீஸ் ஒரே இடத்தில் கட்டியாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வெள்ளை லித்தியம் கிரீஸை பற்களில் மட்டும் லேசாகத் தடவுங்கள். அள்ளி அப்பினால் அது தூசியையும் முடியையும் சேர்த்துக்கொள்ளும்.

அடுத்து, எல்லாச் சக்கரமும் தரையைத் தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். செய்தித்தாளை விரல் அகலத்துக்கு நீளநீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். டிராக் இல்லாமல் டாங்கியைக் கண்ணாடி மேல் நிறுத்தி, ஒவ்வொரு அச்சின் சக்கரத்துக்கு அடியிலும் ஒரு துண்டைச் செருகி மெல்ல இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கி வந்தால் அந்தச் சக்கரம் சுமை ஏந்தவில்லை. இழுத்தால் கிழிகிறது என்றால் அங்கே சுமை அதிகம். ஸ்பிரிங்கின் முனை அதன் குழியில் சரியாக உட்காராததோ, சக்கரத்தைத் தாங்கும் கை லேசாக வளைந்திருப்பதோதான் பெரும்பாலும் காரணம். பதினாறு அச்சிலும் தாள் ஒரே மாதிரி பிடித்து வரும் வரை விடாதீர்கள். பிறகு ஒரு புத்தகத்தின் மேல் ஏற்றிப் பாருங்கள். சக்கரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து இறங்கும். பொம்மை அப்போதே போய்விடும், டாங்கி வந்துவிடும்.

டிராக் தளர்வும் அப்படித்தான். டைகருக்கு மேலே தனியாகத் தாங்கு உருளைகள் கிடையாது. பக்கத்துக்கு 96 கண்ணிகள் கொண்ட அந்தக் கனத்த பட்டை சக்கரங்களின் தலைமேலேயே படுத்துக் கிடக்கும்; முன் பல்சக்கரத்துக்கும் முதல் சக்கரத்துக்கும் நடுவில் தொய்ந்து தொங்கும். பலரும் டிராக் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் ஐட்லரைப் பின்னுக்குத் தள்ளி கிடார் கம்பி மாதிரி இறுக்கிவிடுகிறார்கள். பார்க்கவும் பொய்யாகத் தெரியும், மோட்டாரும் சூடேறும். மேலே கிடக்கும் பட்டையை இரண்டு விரலால் தூக்கினால் ஏழெட்டு மி.மீ. எழ வேண்டும். மிகவும் தொய்வாக இருந்தால் ஒரு கண்ணியைக் கழற்றுங்கள். கழற்றினால் இறுகிவிடுகிறது என்றால் ஐட்லரில் சரிசெய்யுங்கள்.

எடை விஷயம். நீளம் 16-இல் ஒரு பங்காகும்போது கன அளவு 4,096-இல் ஒரு பங்காகும். 57 டன்னை வகுத்தால் 14 கிலோ வரும். அவ்வளவு ஏற்ற வேண்டாம், கியர் தாங்காது. தூண்டிலுக்கு விற்கும் ஈயக் குண்டுகளை அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை உடலின் அடித்தட்டில், முன்னும் பின்னும் சமமாகப் பிரித்து, எபாக்ஸி வைத்து ஒட்டுங்கள். நின்று கிளம்பும்போது வண்டி லேசாகப் பின்னால் சாய்ந்து எழுவதைப் பார்ப்பீர்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை.

மின்சாரம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியோடு வரும் பேட்டரி பெரும்பாலும் 7.2 அல்லது 7.4 வோல்ட். லித்தியம் பேட்டரி என்றால் அதற்குரிய சார்ஜர் மட்டுமே; செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. டாங்கி தளர்ந்து ஊர ஆரம்பித்தவுடன் நிறுத்துங்கள். சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உப்பிய பேட்டரியை இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். உலோக உடல் என்றால் ரிசீவரின் ஆன்டெனா ஒயரை பிளாஸ்டிக்கான மேல்பகுதிக்குக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் சிக்னல் பாதி தூரத்திலேயே செத்துவிடும்.

நுணுக்க வேலை

இனி கண்ணுக்கான வேலை. முதலில் குழல். இரண்டு பாதியாக வார்த்து ஒட்டியிருந்தால் நீளவாக்கில் ஒரு கோடு தெரியும். 400-ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 800, பிறகு 1000 என்று தண்ணீரில் நனைத்துத் தேய்த்து அதை அழியுங்கள். 88 மி.மீ. பீரங்கியின் வாய் இந்த அளவில் 5.5 மி.மீ. துளையாகத் தெரிய வேண்டும்.

கவசத்தின் மேற்பரப்பில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். டாங்கி என்றால் சொரசொரப்பு என்று நினைத்து எல்லா இடத்திலும் பட்டியை (மாடலுக்கான புட்டி) ஒற்றிவிடுகிறார்கள். டைகரின் உடல் உருட்டித் தட்டிய எஃகுத் தகடுகளால் ஆனது; கிட்டத்தட்ட வழவழப்பு. வார்ப்பால் ஆனது பீரங்கியின் அடியைச் சூழ்ந்திருக்கும் முகக் கவசம். அதற்கு மட்டும் பட்டியைத் தண்ணீர் போலக் கரைத்து, பழைய பிரஷ்ஷின் நுனியால் குத்திக் குத்தி மெல்லிய சொரசொரப்பு கொடுங்கள். வழவழப்பான தகடும் சொரசொரப்பான வார்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் எஃகு எஃகாகத் தெரியும்.

வெல்டிங் தடங்களுக்கு எம்-சீல் போதும். அதில் வரும் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிசைந்து, கண்ணாடி மேல் நூல் மாதிரி உருட்டி, தகடுகள் சேரும் இடுக்கில் வையுங்கள். கட்டரின் முனையை ஈரமாக்கி ஒரு மி.மீ. இடைவெளியில் பிறை பிறையாக அழுத்திக்கொண்டே போங்கள். சீக்கிரம் இறுகிவிடும், அதனால் ஒரு தடவைக்கு ஒரு சாண் நீளத்துக்குமேல் எடுக்காதீர்கள்.

இன்ஜின் மேல்மூடியில் காற்று போகும் சட்டங்களுக்குக் கம்பி வலை வேண்டும். மாடலில் அது பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக் அச்சாக இருக்கும், அல்லது இருக்காது. ஸ்டீல் டீ வடிகட்டியின் வலை இந்த அளவுக்கு அழகாகப் பொருந்துகிறது. காகிதத்தில் அச்சு வெட்டி, அதை வலைமேல் வைத்துக் கத்தரித்து ஒட்டுங்கள்.

இழுவைக் கயிறுகளுக்கு பிளாஸ்டிக் வேண்டாம். மெல்லிய செம்புக் கம்பிகளை எடுத்து, ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையை டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுற்றினால் 2 மி.மீ. தடிமனில் நிஜ எஃகு வடம் மாதிரியே கிடைத்துவிடும். முறுக்கிய பிறகு அடுப்பில் காட்டி ஆறவிட்டால் கம்பி இளகி, உடலின் வளைவுக்கு ஏற்றபடி படுக்கும். மண்வெட்டி, கோடரி முதலியவற்றைக் கழற்றித் தனியே பெயின்ட் செய்து கடைசியில் மாட்டுங்கள்.

பெயின்ட்

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். கை எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் நிற்காது. அடுத்து சாம்பல் நிற பிரைமர், மெல்லியதாக இரண்டு தடவை. மழை நாளில், காற்று பிசுபிசுவென்று இருக்கும்போது ஸ்பிரே அடித்தால், குறிப்பாக வார்னிஷ், வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் ஏறிய முற்பகல்தான் நல்ல நேரம்.

டைகர் 131 ஆப்பிரிக்கப் போர்முனைக்கான பழுப்பு மஞ்சள் குடும்பம். பாட்டிலில் இருக்கும் நிறத்தை அப்படியே அடிக்காமல் பத்தில் ஒரு பங்கு வெள்ளை சேருங்கள். நிஜ வண்டியை நாம் தள்ளி நின்று பார்ப்போம், நடுவில் இருக்கும் காற்று நிறத்தை வெளிறச் செய்யும். சின்ன மாடலில் அந்த வெளிறலை நாமேதான் கொடுக்க வேண்டும். டரெட்டில் சிவப்பு எண்கள், வெள்ளை ஓரத்தோடு. முதலில் வெள்ளையைப் பெரிதாக அடித்து, மாஸ்க் ஒட்டி, உள்ளே சிவப்பு அடிப்பது எளிது.

சக்கரத்தின் ரப்பர் விளிம்புக்குக் கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல். சக்கரத்தை மெதுவாகச் சுழலும் டிரில்லில் மாட்டி பிரஷ்ஷை அசையாமல் பிடித்தால் வட்டம் தானாக விழும்.

புழுதியும் சேறும்

இதற்குப் பாடம் படிக்க நான் போவது சாலை வேலை நடக்கும் இடத்துக்கு. பொக்லைன் நிற்கும், பக்கத்தில் போய் அதன் செயினைப் பாருங்கள். தரையில் உரசும் விளிம்புகள் வெள்ளி மாதிரி மின்னும். சக்கரம் உருளும் உட்பக்கத் தடமும் மின்னும். கண்ணிகளின் குழிகளில் மண் இறுகிக் காய்ந்திருக்கும். பக்கவாட்டுத் தகட்டில் புழுதி கீழே தடித்தும் மேலே போகப் போக மெலிந்தும் இருக்கும். ஏறி இறங்கும் படியிலும் கைப்பிடியிலும் மட்டும் பெயின்ட் தேய்ந்திருக்கும். டாங்கிக்கும் இதே நியாயம்தான்.

துரு விஷயத்தில் கை அடங்க வேண்டும். டைகர் 131 கட்டி முடித்ததிலிருந்து சிக்கும் வரை மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கவசம் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிராது. துரு நிறம் புகைபோக்கிக்கும் டிராக்குக்கும் மட்டும் போதும். பெயின்ட் பெயர்ந்த தடங்களை, ஆட்கள் ஏறும் மூடிகளின் விளிம்பில், கிழித்த ஸ்பாஞ்சின் முனையால் அடர் பழுப்பு தொட்டு ஒற்றுங்கள். எங்கே கால் படும், எங்கே கை படும் என்று யோசித்தபடியே ஒற்றினால் தப்பு வராது.

இடுக்குகளுக்கு, பளபளப்பு வார்னிஷ் நன்றாகக் காய்ந்த பிறகு, அடர் பழுப்பு ஆயில் பெயின்டை டர்பன்டைனில் டீ டிக்காஷன் பதத்துக்குக் கரைத்து பிரஷ் முனையால் தொடுங்கள். அது தானாக இடுக்கில் ஓடும். பிறகு மேட் வார்னிஷ். கடைசியில் பிக்மென்ட் எனும் நிறப்பொடி. துனிசியப் புழுதிக்கு வெளிறிய மணல் நிறம்; செம்மண் நிறம் போட்டுவிடாதீர்கள். அடிப்பகுதிச் சேற்றுக்குப் பொடியோடு சலித்த மணலும் கொஞ்சம் ஃபெவிகாலும் சேர்த்து அப்பலாம். அச்சுக்குள்ளும் டிராக் கண்ணியின் ஊசிக்குள்ளும் அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளைந்து நெளியும் பிளாஸ்டிக் டிராக்கில் தடித்த பெயின்ட் உரிந்துவிடும். அங்கே பொடியைத் தேய்ப்பதோடு நிறுத்தி, மேட்டுப் பகுதிகளில் மட்டும் வெள்ளி நிறத்தை உலர் பிரஷ்ஷால் (பெயின்டைத் தொட்டு, பெரும்பகுதியைத் துடைத்துவிட்ட பிரஷ்) தடவுங்கள்.

ஓட்டம்

கரடுமுரடான நிலத்தில் டைகரின் வேகம் மணிக்கு 20 கி.மீ. அளவுதான். 16-ஆல் வகுத்தால் நொடிக்கு சுமார் 35 செ.மீ. வீட்டில் இரண்டடி டைல்ஸ் இருந்தால் கணக்கு எளிது: ஒரு டைல்ஸைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நொடி ஆக வேண்டும். ரிமோட்டில் வேகத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் அதற்கேற்ப வையுங்கள். இல்லாவிட்டால் குச்சியை மூன்றில் ஒரு பங்குக்குமேல் தள்ளாமல் பழகுங்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் இன்னும் மெதுவாக.

நின்ற இடத்திலேயே டைகர் திரும்பும், உண்மைதான். ஆனால் மாடலில் அதை அடிக்கடி செய்தால் டிராக் பக்கவாட்டில் இழுபட்டுக் கழலும். கொஞ்சம் முன்னால் நகர்ந்தபடியே திருப்புங்கள். தரைவிரிப்பில் ஓட்டவே வேண்டாம், நூலும் முடியும் அச்சில் சுற்றிக்கொள்ளும். இறுகிய மண், சிறு சரளை, மாடித் தளம் எல்லாம் நல்ல இடங்கள். காய்ந்த மணலில் ஓட்டினால் கியருக்குள் போய்விடும்.

ஓட்டி முடித்ததும் மல்லாத்தி வைத்து, அச்சுகளில் சுற்றிய முடியை இடுக்கியால் எடுத்து, சக்கரத் திருகுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். முதல் சில ஓட்டங்களில் இரண்டு மூன்றாவது தளர்ந்திருக்கும். உலோகத்தில் இறங்கும் திருகு என்றால் ஒரு சொட்டு திரெட் லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போட்டு முடுக்குங்கள். பிளாஸ்டிக்கில் இறங்குவது என்றால் வெறும் கையால் பதமாக முடுக்கினால் போதும். பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, மோட்டார் இருக்கும் இடத்தில் கை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால், மறுபடி செய்தித்தாள் துண்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்துச் சக்கரங்களிலிருந்து தொடங்குங்கள்.